நிறம் மாறிய படங்கள்

நல்ல அச்சுப்பொறி ஒன்று இருந்தால் எந்தத் தாளிலும் நல்ல படம் கிடைக்கும் என்பது பலரின் எண்ணம். அது எத்துணை தவறானது என்பது 2000ஆம் ஆண்டில் பலருக்குத் தெரியவந்தது.

கதையின் தொடக்கம் கலிபோர்னியாவில். பாடகர் கிரஹாம் நாஷ் தம் நண்பர் மக் ஹோல்பேர்ட்டுடன் 1991இல் மன்ஹாட்டன் பீச் நகரில் 'நாஷ் எடிஷன்ஸ்' என்னும் அச்சகத்தை ஆரம்பித்தார். அவர் 126,000 டொலருக்கு வாங்கிய 'ஐரிஸ் 3047' என்னும் இங்க்ஜெட் அச்சுப்பொறி, வண்ண அச்சுக்கு முந்திய 'புரூப்' படிகளை எடுப்பதற்கென உருவானது. 'புரூப்' பார்த்தே காலம் கழித்த எம்போன்றோருக்கு அப்படியின் ஆயுள் தெரியும். வேலை முடிந்ததும் அது குப்பைக்கூடைக்குப் போய்விடும். ஆகவே அதன் சாய மை நீடித்திருக்க வேண்டும் என்ற தேவையே எழவில்லை. நாஷும் ஹோல்பேர்ட்டும் கருவியைத் திருத்தி, தடித்த நீர்வண்ண ஓவியத் தாளில் அச்சிட்டனர். படங்கள் அழகாக அமைந்தன. ஆயினும் வெளிச்சத்தில் மங்கின.

2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனம் 'ஸ்டைலஸ் போட்டோ' 870, 1270 ஆகிய அச்சுப்பொறிகளை வீட்டுப் பாவனைக்கு வெளியிட்டது. ஒளிச் சோதனைகளின் அடிப்படையில், படங்களின் நிறம் பல்லாண்டுகள் நிலைக்கும் எனக் கூறப்பட்டது. ஆனால் பளபளப்பான தாளில் அச்சிட்டுத் திறந்தபடி வைத்த படங்கள், சிலரின் வீடுகளில் சில வாரங்களிலேயே செம்மஞ்சளாகின. இதற்குக் காரணம் வெளிச்சமன்று, காற்றிலுள்ள ஓசோன்.

அத்தாளின் மேற்பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. அது மையை உடனே உறிஞ்சும். படம் விரைவில் உலரும். அதே துளைகளின் வழியே காற்றும் புகுந்து நீலச் சாயத்தைச் சிதைத்தது. நீலம் நீங்க, எஞ்சியவை சிவப்பும் மஞ்சளுமே. இதற்கு மாறாக, வீங்கும் பூச்சுடைய தாளில் ஜெலற்றின் போன்ற படலம் சாயத்தை உள்வாங்கி மூடிக்கொள்ளும். காற்று எளிதில் அணுகாது. ஆயினும் அது மெதுவாகவே உலரும். எமது நாட்டின் ஈரலிப்பில் பிசுபிசுக்கவும் கூடும்.

அதே ஆண்டில் வெளிவந்த 'ஸ்டைலஸ் போட்டோ 2000பி' சாயத்தைக் கைவிட்டு நிறமித் துகள் மையைக் கையாண்டது. நிறம் நிலைத்தது, ஆனால் பகல் வெளிச்சத்தில் படங்களில் பச்சை படர்ந்து தோன்றியது. 2002இல் வந்த 'அல்ட்ராகுரோம்' மைகள் இக்குறையைத் தணித்தன. பளபளப்புத் தாளுக்கு ஒரு கறுப்பு, மங்கல் தாளுக்கு வேறொரு கறுப்பு என்ற வழக்கமும் அவற்றுடன் பரவியது. துகள் மை வீங்கும் பூச்சினுள் ஊறாது. மேலே தங்கித் தேய்ந்து போகும். அதற்கு நுண்துளைத் தாளே உரியது.

ஆக, படத்தின் ஆயுள் மையில் மட்டுமோ தாளில் மட்டுமோ இல்லை. இரண்டின் பொருத்தத்தில் இருக்கிறது.

போரிலும் இடப்பெயர்விலும் அல்பங்களைத் தொலைத்த குடும்பங்கள் எம்மிடையே ஏராளம். எஞ்சிய ஒற்றைப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவோர், தாளின் உறையை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்: அது சாய மைக்கு உரியதா, துகள் மைக்கு உரியதா? சாய மையாயின் கண்ணாடிச் சட்டத்துள் வைக்கட்டும். இரண்டாம் முறையும் அந்த முகத்தை இழக்கலாகாது.