வீட்டுப் படிப்பும் ஊர்ப் படிப்பும்

சம்பா நடவு ஒருவழியா முடிஞ்சுது. கொஞ்ச நாளா எழுத முடியல. இன்னைக்குச் சேர்த்து வெச்சு நீளமாவே எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

எங்க ஊர்ல வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் வந்து 3 வருஷம் ஆகுது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவங்க. பொண்ணுக்கு 7 வயசு, பையனுக்கு 4. ரெண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறதில்லை, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்குறாங்க. காலையில் கோழிமுட்டை பொறுக்கி, எண்ணி, நோட்டில் எழுதுறது அந்தப் பொண்ணு வேலை. மழை பெய்ஞ்சா கொல்லையில் வெச்ச டப்பாவில் எத்தனை மில்லிமீட்டர் விழுந்ததுன்னு ஸ்கேல் வெச்சு அளக்குறா. சின்னவன் அடுப்படியில் படி, அரைப்படி, உழக்குன்னு அரிசி அளந்து கொட்டி விளையாடுறான். ஆடி, கார்த்திகை, மார்கழி, தைன்னு மாசத்துக்கு ஒரு கொண்டாட்டம். அதுதான் அவங்களுக்குப் பாடப் புத்தகம்.

டீக்கடையில் இதுக்கு ரெண்டு கட்சி. "பிள்ளைங்க வாழ்க்கையோட விளையாடுறாங்க"ன்னு ஒரு கட்சி. "நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் இப்படித்தான் படிச்சான், வெள்ளைக்காரன் வந்துதான் கெடுத்தான்"னு இன்னொரு கட்சி. ரெண்டாவது கட்சி சொல்றதுல எவ்வளவு உண்மைன்னு பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.

மன்றோ எடுத்த கணக்கு

1822-ல சென்னை மாகாண கவர்னரா இருந்த தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லா கலெக்டரும் தன் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைங்கன்னு எண்ணி அனுப்பணும்னு உத்தரவு போட்டார். 1826-ல கூட்டிப் பார்த்தப்போ 12,498 பள்ளிக்கூடம், 1,88,650 பிள்ளைங்க. அதுல பெரும்பாலானது நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரிதான். தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடித் தொகுத்து 1983-ல புத்தகமாப் போட்ட பிறகுதான் பலருக்கும் இது தெரிய வந்துச்சு.

மணல்ல விரலால் எழுதிப் பழகி, அப்புறம் ஓலையில் எழுத்தாணி பிடிக்கணும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் மனப்பாடம். எண்சுவடி இன்னொரு பக்கம். முந்திரின்னா 320-ல ஒரு பங்கு, காணின்னா 80-ல ஒரு பங்கு, மாகாணின்னா 16-ல ஒரு பங்கு. இதையெல்லாம் வாயாலேயே கூட்டிக் கழிக்கணும். விடியும்போதே பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுடும். முதல்ல வர்ற பிள்ளை உள்ளங்கையில் சரஸ்வதி பேரை எழுதுவாங்க, பிந்தி வர்றவனுக்கு வரிசைப்படி பிரம்படி கூடிக்கிட்டே போகும்னு 1823-ல பெல்லாரி கலெக்டர் எழுதி வெச்சிருக்கார். அப்போ பெல்லாரியும் சென்னை மாகாணம்தான்.

அதே கணக்குல வீட்டுப் படிப்பும் இருக்கு. சென்னைப் பட்டணத்துல மட்டும் 26 ஆயிரத்துக்கு மேல பிள்ளைங்க வீட்டிலேயே படிச்சிருக்காங்க. பள்ளிக்கூடத்துல படிச்சவங்களைப் போல அது கிட்டத்தட்ட 5 மடங்கு. ஆக, எங்க ஊர்க் குடும்பம் செய்யறது ஒண்ணும் புதுசில்லை. 200 வருஷத்துக்கு முன்னாடியே சர்க்கார் எண்ணின விஷயம்தான்.

ஆனா அந்த ஏட்டுல இன்னொரு வரியும் இருக்கு. 1,88,650 பேர்ல பெண் பிள்ளைங்க 4,540 பேர்தான். நூத்துக்கு ரெண்டரை கூட இல்லை. வீட்டுல படிச்சவங்களையும் சேர்த்தா, பையன்கள்ல மூணுல ஒரு பங்குக்கு ஏதோ எழுத்து தெரிஞ்சிருக்கும்னு மன்றோ கணிச்சார். மீதி ரெண்டு பங்கு? தமிழ் ஜில்லாக்கள்ல பிராமணப் பிள்ளைங்களைவிட மத்த சாதிப் பிள்ளைங்கதான் அதிகம் படிச்சாங்கங்கறது உண்மை. அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் வயல்ல இறங்கி நின்ன ஜனத்துக்கும், சேரியில் இருந்த ஜனத்துக்கும் பெரும்பாலும் திண்ணை எட்டல. பாட்டன் பூட்டன் எல்லாரும் படிச்சான்னா, யாரோட பாட்டன்னு கேட்கணும். எங்க தாத்தா திண்ணை ஏறினவர் இல்லை.

மாசம் சொல்லிக்கொடுத்த பாடம்

எழுத்து கிடைக்காத வீட்டுலயும் பிள்ளைங்க சும்மா வளரல. வருஷம் பூரா நல்ல நாள்தான் அவங்களுக்கு வாத்தியார்.

சித்திரையில் நல்லேர் பூட்டும்போது சின்னப் பையனையும் கூட்டிப் போய் மேழியில் கை வைக்கச் சொல்வாங்க. ஆடிப்பெருக்குக்கு எங்க பக்கம் சின்ன மரச் சப்பரம் செஞ்சு பிள்ளைங்க தெருவெல்லாம் இழுத்துக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போகும். சக்கரம் ஏன் கோணலா ஓடுது, அச்சு எங்க தேயுதுங்கற அறிவு அங்கதான் வரும். முளைப்பாரி வளர்க்கறது சாமிக்குத்தான். ஆனா எந்த வீட்டு விதை நல்லா முளைக்குது, எது சொத்தைன்னு அதுலயே தெரிஞ்சு போகும். இன்னைக்கு விவசாய ஆபீசர் முளைப்புத்திறன் பார்க்கச் சொல்றாரே, அதே சோதனைதான்.

கார்த்திகையில் பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடிச்சுத் துணியில் கட்டி மாவலி சுத்துவோம். எவ்வளவு வேகமாச் சுத்தினா பொறி எவ்வளவு தூரம் போகும்னு கைக்கே தெரியும். மார்கழியில் புள்ளி வெச்சுக் கோலம். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளின்னு கணக்குத் தப்பினா கோலம் மூடாது. மாட்டுப்பொங்கலுக்கு நெட்டிமாலை கட்டுறது, கொம்புக்கு வர்ணம் அடிக்கிறது எல்லாம் பிள்ளைங்க பொறுப்பு. களத்துல நெல் அளக்கும்போது 12 மரக்கால் ஒரு கலம்னு கூடவே எண்ணிக்கிட்டு நிப்போம்.

எங்க பாட்டி வாசலை அடைச்சுக் கோலம் போடுவாங்க, ஒரு புள்ளி பிசகாது. ஆனா கையெழுத்துப் போடத் தெரியாது.

தாத்தா குத்தகை விவசாயி. ஒவ்வொரு வருஷமும் குத்தகைச் சீட்டுல கைநாட்டு வைப்பார். அதுல என்ன எழுதியிருக்குன்னு எழுதினவங்க வாசிச்சுக் காட்டுறதுதான். 1952-ல தஞ்சாவூர் ஜில்லா குத்தகைதாரருக்கும் பண்ணையாளுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. எங்க வீட்டுல அதைப் படிச்சுச் சொல்ல ஆள் இல்லை. விதை பார்த்து எடுக்கத் தெரியும், மேகம் பார்த்து மழை சொல்லத் தெரியும், தனக்குச் சாதகமா சர்க்கார் போட்ட சட்டம் மட்டும் தெரியாது. அந்த ரெண்டு வருஷம் தாத்தா பழைய வாரத்துக்கே அறுத்துக் கொடுத்தார்னு அப்பா சொல்வார்.

பாதி நாள் பள்ளிக்கூடம்

அடுத்த வருஷமே, 1953-ல, ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்போ கிராமத்து ஆரம்பப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு திட்டம் வந்துச்சு. பிள்ளைங்களை ரெண்டு பிரிவாப் பிரிச்சு ஆளுக்கு 3 மணி நேரம் பள்ளிக்கூடம். மீதி நேரம் அப்பன் ஆத்தா செய்யற தொழிலைக் கத்துக்கணும். கட்டடமும் வாத்தியாரும் பத்தல, இருக்கறதை வெச்சு ரெண்டு மடங்கு பிள்ளைங்களைப் படிக்க வைக்கலாம்னு அரசு காரணம் சொன்னது. பெரியாரும் தி.மு.க.வும் இதைக் குலக்கல்வித் திட்டம்னு சொல்லி எதிர்த்தாங்க. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்துச்சு. 1954 ஏப்ரல்ல காமராஜர் முதலமைச்சர் ஆனார், மே மாசமே திட்டம் கைவிடப்பட்டது.

அப்ப எங்க அப்பாவுக்கு 8 வயசு, காலைப் பிரிவு. மதியத்துக்கு மேல மாடு மேய்ச்சல். "பெரிய வீட்டுப் பையனுக்கு மதியம் வீட்டுக்கு வாத்தியார் வருவார், எனக்கு மாடு வரும்"னு சிரிச்சுக்கிட்டே சொல்வார். ரெண்டுமே வீட்டுப் படிப்புதான் பாருங்க. ஒருத்தன் வாய்ப்பாடு கத்துக்கிட்டான், ஒருத்தன் கோமாரி வந்த மாட்டைப் பார்த்தவுடனே கண்டுபிடிக்கக் கத்துக்கிட்டான். ரெண்டும் அறிவுதான். ஆனா எது யாருக்குன்னு முடிவு பண்ணினது பொறந்த வீடு.

1956-ல மதிய உணவு வந்தது. அந்தச் சோறு இல்லைன்னா அப்பா 5-ங்கிளாசைத் தாண்டியிருக்க மாட்டார். 8 வரைக்கும் படிச்சார். எங்க தெருவுக்கு வந்த நோட்டீஸ், மனு, கூட்டுறவு சொசைட்டி கடிதம் எல்லாம் அவர்தான் வாசிச்சார். தாத்தா பேர்ல இருந்த குத்தகையைப் பதிவு பண்ணினதும் அவர்தான். இன்னைக்கு நான் என் சொந்த 2 ஏக்கர்ல நிக்கிறதுக்கு அந்த எட்டாங்கிளாஸ்தான் வேர்.

இப்ப என்ன செய்யலாம்

அதனால வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கற குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தாய் தகப்பன் ரெண்டு பேரும் படிச்சவங்க. நாளைக்குத் தேவைப்பட்டா, தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியா அந்தப் பிள்ளைங்க பத்தாவது பரீட்சை எழுதிக்கலாம். எந்தக் கதவும் அவங்களுக்கு மூடல. விரும்பி வீட்டுல இருக்கறது வேற, வேற வழியில்லாம வீட்டுல இருந்தது வேற.

என் மகளும் 4 வயசுப் பையனை வெச்சுக்கிட்டு, "நானும் அவங்க மாதிரி வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கவாப்பா?"ன்னு கேட்டா. அவளும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வருவாங்க. நான் சொன்னது இதுதான்: "பள்ளிக்கூடத்துல சேரு தாயி. நம்ம வீட்டுக்கு அது லேசில் கிடைச்சதில்லை. ஆனா ஆடியும் கார்த்திகையும் தையும் வந்தா அவனை டிவி முன்னாடி விடாதே, என்கிட்ட அனுப்பு." எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு முளைப்பாரின்னா என்னன்னு தெரியல, மாவலி பார்த்ததே இல்லை. அதைக் கொடுக்க வேண்டியது வாத்தியார் இல்லை, நாமதான்.

வர்ற விஜயதசமிக்கு நம்ம ஊர்த் தொடக்கப் பள்ளியில் சேர்க்கை நடக்குது. அதே நாள் காலையில் 7 மணிக்கு எங்க வீட்டுத் திண்ணையில் தாம்பாளத்துல நெல் பரப்பி வைக்கிறேன். புது எழுத்து எழுத யார் வீட்டுப் பிள்ளையும் வரலாம், எந்தத் தெருவா இருந்தாலும் சரி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பொண்ணு சின்னப் பிள்ளைங்க விரலைப் பிடிச்சு எழுத வைக்கிறேன்னு சொல்லியிருக்கா. எழுதி முடிச்சதும் அப்படியே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போயிடலாம், 5 நிமிஷ தூரம்தான்.