யானைக்கால் நோய்: புழுவைக் காட்டிக்கொடுக்கும் புரதக்கூறு

யானைக்கால் நோயை உண்டாக்கும் உச்சரேரியா பான்கிராஃப்டி புழுவின் நுண்புழுக்கள் பெரும்பாலும் இரவில்தான் ரத்தத்தில் உலவும். எனவே, நள்ளிரவையொட்டி வீடு வீடாகச் சென்று ரத்த மாதிரி சேகரிக்க வேண்டியிருந்தது. உறக்கத்தில் இருப்பவர்களை எழுப்புவது எளிதன்று. வளர்ந்த புழு வெளியிடும் புரதக்கூறோ பகலிலும் ரத்தத்தில் இருக்கும். விரல் நுனியில் எடுக்கும் சிறிதளவு ரத்தத்திலிருந்து பரிசோதனைப் பட்டை 10 நிமிடங்களில் அதனைக் கண்டறிகிறது.

கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் பதிவான புரூகியா மலாயி புழுவை இப்பட்டை காட்டாது. அதற்கு, பிஎம்ஆர்1 புரதத்துக்கு எதிராக உடலில் உருவாகும் ஐஜிஜி4 எதிர்ப்பொருளைத் தேடும் தனிச் சோதனை தேவை.

டைஎத்தில்கார்பமசின், அல்பெண்டசோல், ஐவர்மெக்டின் மருந்துகளால் நுண்புழுக்கள் அழிந்த பிறகும், வளர்ந்த புழு உயிருடன் இருந்தால் பட்டையில் கோடு தெரியக்கூடும். இந்நோயை 2027-க்குள் ஒழிக்க இந்தியா இலக்கு நிர்ணயித்துள்ளது.