திருமண வீட்டு வெளிச்சம்

நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களுக்குச் செல்லும்போதெல்லாம் முன்னறைச் சுவரில் முதலில் கண்ணிற்படுவது ஒரு திருமணப் படம். மணமகன் நாற்காலியில் வீற்றிருப்பார். மணமகள் அருகில் நின்று அதன் சாய்வில் கை வைத்திருப்பாள். பின்னே திரைச்சீலையில் தீட்டிய மாளிகையும் ஏரியும் தெரியும். அது தில்லியில் எடுத்ததா திருச்சியில் எடுத்ததா என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் அதே வீட்டின் இரும்புப் பெட்டியைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்கு அடியிலுள்ள பழுப்பு உறையைப் பிரித்தால், வேறு வகைப் படங்கள் சில கிடைக்கும். சம்பந்தி ஒருவர் காப்பியை ஆற்றிக்கொண்டிருப்பார். மணப்பெண்ணின் தங்கை மாலைக் கூடைமேல் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருப்பாள். இவற்றை எடுத்தவர் ஸ்டூடியோக்காரர் அல்லர். அலுவலகத்தில் கணக்கெழுதிய சித்தப்பாவோ, கல்லூரியில் படித்த மைத்துனரோ, விளக்கொன்றும் இல்லாமல், சன்னல் வழியே வந்த வெளிச்சத்தைக் கொண்டு எடுத்தவை. தம்மை மறந்திருக்கும் மாந்தரை உள்ளபடியே பிடிக்கும் இம்முறையைக் ‘காண்டிட்’ என்பர். அது எவ்வாறு நம் மணப்பந்தல் வரை வந்து சேர்ந்தது என்பதை இவ்வாண்டு மலரில் எழுதப் புகுந்தோம்.

புகைப்படக் கலை 1839-ஆம் ஆண்டில் உலகுக்கு வெளியாயிற்று. பிரான்சில் டாகேர் என்பார் வெள்ளி பூசிய செப்புத் தகட்டிலும், இங்கிலாந்தில் டால்பட் என்பார் காகிதத்திலும் உருவம் பதியச் செய்தனர். அந்நாளில் இயற்கை வெளிச்சம் என்று தனியே ஒன்றைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. படம் எடுப்பதற்குக் கதிரவனையன்றி வேறு கதியில்லை. அந்த ஒளியிலும் பல நிமிடங்கள் அசையாதிருந்தாலன்றி உருவம் பதியாது. 1840 பிப்ரவரியில் விக்டோரியா மகாராணிக்குத் திருமணம் நடந்தது. அதைப் படம் பிடித்தவர் எவருமில்லை. 14 ஆண்டுகள் கழித்து, 1854-இல், மகாராணியும் கணவரும் அரசவை உடையணிந்து ரோஜர் பென்டனின் காமிரா முன் நின்றனர். அப்படத்தையே திருமணப் படமென்று பின்னாளில் பலர் நம்பிவிட்டார்கள். திருமணத்தை நடந்தபடி காட்டாமல், நடந்ததுபோல் காட்டும் வழக்கம் அத்துணைப் பழமையானது!

நம் நாட்டுக்கும் இக்கலை விரைவிலேயே வந்தது. பம்பாயில் 1854-இலும், கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856-இலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. சென்னை அரசாங்கம் அமர்த்திய லின்னேயஸ் டிரைப் என்ற படைத்தலைவர் தஞ்சை, மதுரை, ஸ்ரீரங்கம் ஆகிய தலங்களில் எடுத்த படங்கள் 1858-இல் தொகுதிகளாக வெளிவந்தன. பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களை ஒட்டி ஒரே நீண்ட சுருளாக அவர் காட்டியிருப்பது இன்றும் வியப்புக்குரியது. ஆனால் அவர் படங்களில் மக்களைக் காண்பது அரிது. கல் அசையாது, மனிதன் அசைவான். அவ்வளவுதான் காரணம்.

பின்னர் எழுந்த ஸ்டூடியோக்களுக்குக் கண்ணாடிக் கூரையோ, வடக்கு நோக்கிய பெரிய சன்னலோ இருந்தன. வடதிசை வெளிச்சம் நேரடி வெயிலாக இராது, மென்மையாக இருக்கும் என்பது ஐரோப்பியர் கண்ட பாடம். அது லண்டனுக்குப் பொருந்தும். சென்னையிலோ சித்திரைப் பிற்பகுதி முதல் ஆடிக் கடைசி வரை நண்பகற் சூரியன் வடக்கிலேயே நிற்கிறான். ஆதலால் நம் ஊர்ச் ஸ்டூடியோக்காரர்கள் வெள்ளைத் துணியைக் கட்டியும் அவிழ்த்துமே ஒளியை ஆளவேண்டியிருந்தது. தலை அசையாதிருக்கப் பிடரியில் ஓர் இரும்புக் கவையைப் பொருத்துவதும் அக்காலத்து வழக்கம். நம் கொள்ளுப்பாட்டிமார் படங்களில் சிரிக்காமல் இருப்பதைக் கண்டு, அவர்கள் வாழ்வில் சிரிப்பே இல்லையென்று முடிவு செய்துவிடலாகாது. சிரித்த முகத்தை அப்படியே நெடுநேரம் வைத்திருக்க யாரால் இயலும்?

1887-இல் ஜெர்மனியில் மெக்னீசியம் கலந்த பளிச்சொளிப் பொடியும், 1929-இல் அங்கேயே பளிச்சொளிக் குமிழும் தோன்றின. இருட்டறையிலும் படம் எடுக்கலாம் என்ற நிலை வந்தது. கல்யாண வீட்டிலோ இதனால் வேறொரு கூத்து விளைந்தது. தாலி கட்டும் சமயத்தில் குமிழ் எரியாமற் போனால், “சற்று அப்படியே இருங்கள்” என்று மணமகனின் கையை அந்தரத்தில் நிறுத்திவைத்துப் புதுக் குமிழ் மாட்டியவர்களை நாமே கண்டிருக்கிறோம். முகூர்த்தம் வாத்தியார் கையிலிருந்து காமிராக்காரர் கைக்கு மாறியது அப்போதுதான்.

இதற்கு மாற்று வழி கண்டவர் எரிக் சாலமன் என்ற ஜெர்மானிய யூதர். சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். புகைப்படத் தொழிலுக்கு நடு வயதில் வந்தவர். 1924-இல் எர்மனாக்ஸ் என்றொரு சிறு காமிரா வெளிவந்தது. அதன் லென்ஸ் மிக அகன்றது. அறை வெளிச்சமே அதற்குப் போதும். எனினும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தகட்டை மாற்றியாக வேண்டும். சாலமன் இதைத் தொப்பிக்குள் ஒளித்து 1928-இல் பெர்லின் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கைப் படம் பிடித்தார். பின்னர் அரசியல் மாநாடுகளுக்குள் நல்லுடை அணிந்த விருந்தினர்போல் நுழைந்து, அமைச்சர்கள் கொட்டாவி விடுவதையும், நள்ளிரவில் சோபாவில் சரிந்திருப்பதையும் பதிவு செய்தார். ‘காண்டிட்’ என்ற சொல் புகைப்படத்துக்கு வழங்கலானது இவர் படங்களைக் கண்ட லண்டன் பத்திரிகை உலகில்தான். 1931-இல் அவர் வெளியிட்ட தொகுதியின் தலைப்பே, புகழ் பெற்றோர் காவலற்றிருக்கும் கணங்களைப் பற்றியது. ஒருவருக்கும் தீங்கு செய்யாத அப்பெருமகனை 1944-இல் நாஜிகள் ஆஷ்விட்சில் கொன்றார்கள்.

1925-இல் லைப்சிக் சந்தையில் லைக்கா காமிரா விற்பனைக்கு வந்தது. சினிமாப் பிலிமைச் சுருட்டி உள்ளே வைத்தால் 36 படங்கள் வரை எடுக்கலாம். கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும். அதை ஏந்தி இந்தியா வந்தவர்களுள் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்த்தியே-பிரெசான் தலையாயவர். பளிச்சொளியை அவர் அறவே வெறுத்தார். 1948 ஜனவரி 30 பிற்பகலில் அவர் காந்தியடிகளைச் சந்தித்துவிட்டு வந்தார். சிறிது நேரத்தில் அடிகள் சுடப்பட்டார். அன்றிரவு பிர்லா மாளிகை வாயிலில் ஏறி நின்று நேரு மக்களுக்குச் செய்தி சொல்லும் படம், அங்கிருந்த விளக்கொளியிலேயே எடுக்கப்பட்டது. உருவங்கள் கலங்கித்தான் தெரிகின்றன. அந்தக் கலக்கமே அன்றைய தில்லி. நம் தலைநகரிலேயே பல்லாண்டு உழைத்து, 1970-இல் தொழிலை விட்ட ஓமாய் வியாரவாலா அம்மையாரையும் இங்கே நினைக்க வேண்டும். சேலையணிந்து, கனத்த காமிராவைச் சுமந்து, தலைவர்கள் தங்களை மறந்து சிரிக்கும் வேளைக்காகக் காத்திருந்தவர் அவர். 2011-இல் பத்ம விபூஷண் விருது அவரைத் தேடி வந்தது.

லைக்காவுக்கு நாம் எங்கே போவது! 1960-களில் குமாஸ்தா சம்பளத்துக்கு எட்டியது பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் 3. ஒரு சுருளில் 12 சதுரப் படங்கள். அதன் லென்ஸ் திறப்பு சுமார் 8.8; மூடியின் வேகம் ஏறத்தாழ 30-இல் ஒரு வினாடி; வேறு வேகமில்லை. திறப்பு 2 உள்ள லென்ஸ் இதைப்போல் ஏறத்தாழ 19 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும் என்றால், நம் காமிராவின் ஏழைமை விளங்கும். பிலிமுக்கும் தட்டுப்பாடு. 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தி தொடங்கிய உதகமண்டலம் ஆலையின் ‘இந்து’ பிலிம் கடைக்கு வந்த பிறகே நமக்கு மூச்சு வந்தது. அந்த ஆலையில் இன்று உற்பத்தி இல்லை.

நாம் முதன்முதல் எடுத்த கல்யாணச் சுருளை நினைத்தால் இன்றும் நாணமாக இருக்கிறது. கூடத்துக்குள் நின்று பன்னிரண்டையும் எடுத்தோம். கழுவி வந்தபோது வாயிற்படியருகே எடுத்த மூன்றைத் தவிர மற்றவை எல்லாம் காரிருள். வீட்டாரிடம் சொல்ல அஞ்சி இரண்டு வாரம் அவர்கள் தெருப்பக்கமே போகவில்லை. அதன் பின்னரே வெளிச்சத்தைப் படிக்கத் தொடங்கினோம். தை முகூர்த்தங்கள் தில்லியின் மூடுபனிக் காலத்தில் வருகின்றன. காலை எட்டு மணிக்கு ஒளியே இராது. பத்து மணிக்குப் பனி விலகும்போது முற்றத்தில் பால் போன்ற வெளிச்சம் பரவும், முகத்தில் கடும் நிழல் விழாது. ஊரிலுள்ள கீற்றுப் பந்தலிலோ ஓட்டை வழியே வெயில் புள்ளி புள்ளியாக விழுந்து மணமகள் முகத்தைப் பாழாக்கும். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்கு (1956) ஒளிப்பதிவு செய்த சுப்ரத மித்ரா, காசி வீட்டு முற்றத்தின் வான்வெளிச்சத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் கொண்டுவர மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்தார் என்று அறிந்தோம். நம்மிடம் விளக்கில்லை, வேட்டி இருந்தது. சன்னலுக்கு எதிர்ப்புறக் கொடியில் எட்டு முழ வேட்டியை விரித்துப் போட்டால் மணமகளின் மறு கன்னத்திலும் ஒளி படியும். துணி உலர்த்துகிறோம் என்றே எல்லோரும் எண்ணினர்.

கருவியில் ஏழையாயினும் ஒன்றில் நாம் ஸ்டூடியோக்காரரை விஞ்சினோம். சடங்கின் ஒழுங்கு நமக்குத் தெரியும். நாயனக்காரர் வாத்தியாரின் விரலைப் பார்க்கும்போதே கெட்டி மேளம் வருகிறதென்று அறிவோம். அட்சதைக்கு உயரும் கைகள் எந்தப் பக்கத்தை மறைக்கும் என்பதும் தெரியும். அதற்குமுன் ஒரு தூணில் சாய்ந்து மூச்சை அடக்கி நிற்போம். நம்மை எவரும் காமிராக்காரராகக் கருதவில்லை; மாமாவாகவே கருதினர்.

1968 தை மாதத்தில் கிழக்குக் கித்வாய் நகர்க் குவார்ட்டர்ஸ் ஒன்றில் திருமணம். மாங்கல்ய தாரண வேளையில் எல்லோரும் கூடத்தில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். நமக்கு இடம் கிடைக்கவில்லை. பின்கட்டுப் பக்கம் ஒதுங்கினோம். அங்கே கொல்லை வாயிற்படியில் மணப்பெண்ணின் பாட்டி நின்றிருந்தார். கைம்பெண். பேத்தியை ஐந்து வயது முதல் வளர்த்தவர் அவரே. முகூர்த்த வேளையில் எதிரே வரலாகாதென்று எவரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. கதவிடுக்கு வழியே கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லை வெளிச்சம் பக்கவாட்டில் வந்து முகத்தில் தங்கியிருந்தது. கெட்டி மேளம் ஒலித்தது. அவர் கை தானாக உயர்ந்து காற்றில் ஆசி கூறியது. எடுத்துவிட்டோம். மூடியின் ஒலி கேட்டுத் திரும்பி, “நான் எதற்கப்பா? குழந்தையை எடு” என்றார்.

படத்தைக் கண்ட பெண்ணின் தந்தை முகம் சுளித்தார். மங்கல ஆல்பத்தில் இது வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நாமும் வாதாடவில்லை, அவரைக் குறை கூறவும் அன்று நமக்குத் தோன்றவில்லை என்பதே உண்மை. 1971-இல் பாட்டி காலமானார். பத்தாம் நாளுக்கு முன்பாக ஓர் இரவு அவர் நம் வீட்டுக் கதவைத் தட்டினார். ஸ்டூடியோ ஆல்பத்தின் எண்பது படங்களையும் புரட்டிவிட்டார். தம் தாய் ஒன்றிலும் இல்லை. நெகடிவ் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

இன்று ‘காண்டிட்’ என்பதே விலை பேசும் சரக்காகிவிட்டது. மணமக்களைத் தோட்டத்தில் நிறுத்தி, இயல்பாகச் சிரிக்கும்படி ஆணையிட்டு எடுக்கிறார்கள். கைப்பேசிகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் படம் பிடிக்கின்றன. எவர் வேட்டியும் கொடியேற வேண்டியதில்லை. கிழக்குக் கித்வாய் நகரின் அந்தப் பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பிவிட்டார்கள். பாட்டியின் படத்தைச் சென்ற மாதம் அப்பேத்தியின் வீட்டில் மீண்டும் கண்டோம். முன்னறைச் சுவரில், அவர்களது திருமணப் படத்துக்கு அடுத்ததாக மாட்டியிருக்கிறார்கள். உயர்ந்த கை சற்றே கலங்கியிருக்கிறது. பின்னால், காரை பெயர்ந்த கொல்லைச் சுவரும் அதன்மேல் காய்ந்துகொண்டிருக்கும் நம் வேட்டியின் ஓரமும் தெரிகின்றன.