ஜப்பானியக் காற்பந்தும் ஜெர்மானிய ஆசானும்

பிற நாட்டாரிடம் கலை பயில்வது எந்நாட்டிற்கும் இழுக்கன்று. பயின்றதைத் தன் மண்ணில் வேரூன்றச் செய்யாது விடுவதே இழுக்காகும். விளையாட்டுத் துறையில் இவ்வுண்மையை விளக்கும் வரலாறுகளுள், மேற்கு ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் இடையே 1960ஆம் ஆண்டில் அரும்பிய காற்பந்து உறவு குறிப்பிடத்தக்கது.

1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை நடத்தும் பொறுப்பு தோக்கியோ நகருக்குக் கிடைத்திருந்தது. போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் ஜப்பானியக் காற்பந்துக் குழு தகுதிச் சுற்றின்றியே களமிறங்கலாம். ஆயினும், 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவும் இயலாத குழு அது. சொந்த மண்ணில் தலைகுனிய நேருமோ என்றஞ்சிய ஜப்பானியக் காற்பந்துச் சங்கம், ஜெர்மனியின் துணையை நாடியது. அங்ஙனம் வந்தவரே டெட்மார் கிராமர்.

1925ஆம் ஆண்டு டோர்ட்முண்ட் நகரில் பிறந்த கிராமர், டூயிஸ்பர்க் விளையாட்டுப் பள்ளியில் பயிற்றுநராக இருந்தவர். பந்தை உதைத்தல், நிறுத்துதல், தோழனுக்கு அனுப்புதல் ஆகிய அடிப்படைகளையே அவர் முதற்கண் கற்பித்தார். நாட்டின் சார்பில் ஆடுவோருக்கு அரிச்சுவடியா எனச் சிலர் எண்ணியிருக்கலாம். ஆனால், அடிப்படை உறுதியானதன் பயனைத் தோக்கியோவில் உலகம் கண்டது. ஜப்பான் அர்ஜென்டினாவை 3-2 என வென்று, கால் இறுதிக்கு முன்னேறியது.

கிராமர் அவ்வெற்றியுடன் மனநிறைவு கொள்ளவில்லை. நாடளாவிய தொடர் போட்டி வேண்டும், பயிற்றுநர்களை முறையாகப் பயிற்றுவிக்க வேண்டும், புல்தரைத் திடல்கள் பெருக வேண்டும் என அறிவுறுத்தினார். 1965ஆம் ஆண்டில் எட்டுக் குழுக்களுடன் ஜப்பானியக் காற்பந்துத் தொடர் தோன்றியது. 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் குழுவை வழிநடத்தியவர் கென் நகானுமா என்னும் ஜப்பானியரே. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் சார்புரூக்கனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய கமாமோத்தோ ஏழு கோல்கள் அடித்தார். ஜப்பான் வெண்கலப் பதக்கம் வென்றது. ஒலிம்பிக் காற்பந்தில் ஆசியா கண்ட முதற் பதக்கம் அது.

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக் கதையாகியிருக்கும். ஆனால், அடுத்த 28 ஆண்டுகள் ஜப்பான் ஒலிம்பிக் காற்பந்தில் இடம்பெறவில்லை. பதக்கம் வென்றது ஒரு தலைமுறை. அதனைத் தொடரவல்ல பரந்த அடித்தளம் அன்று அமைந்திருக்கவில்லை. ஆட்டக்காரர்கள் நிறுவன ஊழியர்களாகவே இருந்தனர். நல்ல திடல்களும் அரிதாகவே இருந்தன.

எனினும், விதை அழிந்துவிடவில்லை. 1960ஆம் ஆண்டில் டூயிஸ்பர்க்கின் பசும்புல் திடல்களைக் கண்டு வியந்த ஆட்டக்காரருள் சபுரோ கவாபுச்சியும் ஒருவர். அக்காட்சியை மறவாத அவரது தலைமையில், 1993ஆம் ஆண்டில் பத்துக் குழுக்களுடன் தொழில்முறைத் தொடர் மலர்ந்தது. நிறுவனங்களின் பெயரால் அன்றி, ஊர்களின் பெயரால் குழுக்கள் அமைந்தன. 1998ஆம் ஆண்டில் ஜப்பான் முதன்முறையாக உலகக் கிண்ணப் போட்டியில் ஆடியது. 2022ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திலோ ஜெர்மனியையே 2-1 என வென்றது. அன்று கோலடித்த டோவான், அசானோ இருவரும் ஜெர்மானியக் குழுக்களில் ஆடிவந்தவர்கள் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

மலேசியாவும் ஜெர்மானிய ஆசானைப் பெற்ற நாடே. கார்ல் ஹைன்ஸ் வைகாங் பயிற்சியளித்த குழு, தென்கொரியாவை வென்று 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது; அரசியற் புறக்கணிப்பால் அக்குழு அங்குச் செல்லவில்லை. அதன்பின் அத்தகுதி மலேசியாவுக்கு வாய்க்கவுமில்லை.

ஆசான் வருவார், போவார். அவர் சென்றபின் திடலும், உள்ளூர்ப் பயிற்றுநரும், இளையோர்க்கான ஒழுங்கான போட்டியும் எஞ்சி நிற்பின், அதுவே அவருக்குச் செலுத்தும் உண்மையான குருதட்சணையாகும்.