காளப்பநாயக்கன்பட்டி வட்டாரத்தில் குப்பை

குப்பை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் குவியல் என்பதே பொருள். நெல்லைக் குவித்தாலும் குப்பை, உப்பைக் குவித்தாலும் குப்பை. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்று ஓர் ஊரே உண்டு. அந்தப் பெயருக்காக அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. கொங்கு நாட்டிலும் சேலம், நாமக்கல் பக்கத்திலும் இச்சொல் இன்னொரு பொருளையும் ஏற்றது. 'காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சா?' என்று ஒரு விவசாயி கேட்டால் அவர் கேட்பது தொழுவுரத்தைப் பற்றி. வேண்டாத பொருள் என்ற அர்த்தம் பின்னால் மேலோங்கி, மற்ற இரண்டையும் ஓரங்கட்டிவிட்டது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகும் சாலையில், காரவள்ளியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்பாக வரும் பேரூராட்சி காளப்பநாயக்கன்பட்டி. இந்த அடிவார வட்டாரத்தில் வீட்டுக் கழிவின் வரலாறு பெரும்பாலும் அந்தச் சொல் பொருள் மாறிய வரலாறுதான்.

சோளம், நிலக்கடலை, மரவள்ளி, சின்ன வெங்காயம் விளையும் காடுதோட்டங்களில் எரு இல்லாமல் வெள்ளாமை இல்லை. ஏர் உழுவதைக் காட்டிலும் எருவிடுவது நல்லது என்ற கருத்தைத் திருக்குறளின் உழவு அதிகாரமே சொல்கிறது. ஆகவே மாடு கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எருக்குழியோ குப்பைமேடோ இருந்தது. விடிந்ததும் கட்டுத்தரையில் அள்ளிய சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய தட்டு, தின்று கழித்த கூளம், வாசல் கூட்டிய மண், அடுப்புச் சாம்பல், உரித்த கடலைத் தோல், விசேஷ நாளில் சாப்பிட்ட வாழையிலை எல்லாம் கூடையில் ஏறி அங்கே போய்ச் சேரும். கூரை மாற்றும் வருடத்தில் மட்கிய பழைய கூரைப்புல்லும் அதில் சேரும். குழிக்குள் விழுந்தவை ஓராண்டு கிடந்து மட்கின. கோடையில், சித்திரை மழைக்கு முன்னும் பின்னுமாக, குழியை வெட்டி வண்டியில் ஏற்றிக் காட்டில் சிறு சிறு கும்பிகளாகக் கொட்டுவார்கள். பிறகு இறைத்து உழுவார்கள். ஆடிப்பட்டத்து விதைப்புக்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, குப்பைக்குச் சொந்தக்காரர் இருந்தார் என்பது. ஒரு வீட்டுக் குப்பைமேட்டில் அடுத்த வீட்டுக்காரர் கை வைத்தால் சண்டை வரும். பாகம் பிரிக்கும்போது எருக்குழி இடமும் பேச்சில் வரும். காடு இல்லாதவர்கள் தங்கள் குப்பையை வண்டிக் கணக்கில் விற்றார்கள். விலை இருந்ததால் தெருவில் கொட்டிவிட்டுப் போகும் பழக்கத்துக்கு இடமில்லை. பழைய ஊர்கள் சுத்தமாக இருந்ததற்குக் காரணம் முன்னோரின் தூய்மை உணர்வு என்று சொல்வது வழக்கம்; பாதி உண்மை அது. கீழே விழுந்தது எல்லாம் யாருக்கோ வேண்டியிருந்தது என்பது மறுபாதி.

எருவுக்குக் கொடுத்த மதிப்பு சடங்கிலும் பதிந்திருக்கிறது. திருக்கார்த்திகையை ஒட்டிய நாட்களில் ஒன்றைக் 'குப்பைக் கார்த்திகை' என்று தமிழகத்தின் பல ஊர்களில் சொல்வார்கள். அன்று குப்பைமேட்டிலும் ஓர் அகல் எரியும். கொங்கில் பொங்கலுக்கு முந்தின நாள் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் காப்புக் கட்டும்போது, வீட்டைப் போலவே தொழுவமும் காடும் கணக்கில் உண்டு.

குழிக்குப் போகாத பொருள்களுக்கு வேறு வழிகள் இருந்தன. அரிசி களைந்த நீரும் காய்த்தோலும் மீந்த கஞ்சியும் கழுநீர்த் தாழியில் சேர்ந்து மாட்டுக்குப் போயின. சாம்பலும் புளியும் தேங்காய் நாரும் பாத்திரம் துலக்கின. கிழிந்த வேட்டி தூளியாகி, பின்பு கரித்துணியாகித் தேய்ந்தது. செய்தித்தாள் மளிகைக் கடையில் பொட்டலமாயிற்று. லாரித் தொழில் நாமக்கல்லில் வேரூன்றிய பிறகு, தேய்ந்த டயர் அறுபட்டுச் செருப்பாகக் காடுமேடு நடந்தது.

உலோகத்துக்குத் தெருவில் மிதிவண்டியில் வரும் வியாபாரி. 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்ற கூவல் தமிழகம் முழுவதும் ஒரு தலைமுறையின் காதில் இன்னும் ஒலிக்கிறது. குழந்தைகள் ஓடிப்போய் வீட்டின் பின்புறத்தைத் துழாவுவார்கள். ஓட்டைக் குண்டானோடு நல்ல கரண்டியும் போய்விடுவதுண்டு. வாருகிற தலைமுடியைச் சேர்த்துவைத்து, முடி வாங்க வருபவரிடம் பாத்திரமோ ஊசியோ பெற்றார்கள். பழைய பட்டுப்புடவை ஜரிகைக்காகப் போயிற்று. இன்று மறுசுழற்சி எனப்படும் தொழிலின் முதல் அலுவலகம் இந்த மிதிவண்டிதான். பெரிய ஊர்களின் பழைய இரும்புக் கடைகளுக்கும் உருக்காலைகளுக்கும் சரக்கு இதன் வழியாகத்தான் போனது.

இந்தச் சித்திரத்துக்கு ஒரு கறுத்த பக்கம் உண்டு. செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் ஊரின் அழுக்கை அள்ளுவதும் குறிப்பிட்ட சாதிகளின் தலையில் கட்டப்பட்டிருந்தன. கொங்கு வட்டாரத்தில் பெரும்பாலும் அருந்ததியர் மீது. எடுப்புக் கழிப்பறைகள் இருந்த ஊர்களில் மனிதக் கழிவை மனிதர் சுமந்தார்கள். உள்ளாட்சி அமைப்புகள் துப்புரவுக்குச் சம்பள வேலையை உண்டாக்கியபோது அந்த வேலையும் அதே தெருக்களிலிருந்து வந்தவர்களுக்கே போயிற்று. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1993-ல் வந்தது, அதைக் காட்டிலும் விரிவான சட்டம் 2013-ல். அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 2009-ல் சட்டமாக்கியது. தலைமுறையாக ஒரே வேலையில் கட்டிவைக்கப்பட்டவர்கள் வேறு வேலைக்குப் போக வழிவிட்ட நடவடிக்கைகளில் அது முக்கியமானது.

வீட்டு எருக்குழியில் நடப்பதை ஆய்வுக்கூடம் கற்றுக்கொண்டது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட், சருகையும் சாணத்தையும் அடுக்கி, காற்றுப்படக் கிளறி மட்கவைக்கும் முறையை வகுத்தார். இந்திய விவசாயிகளிடமும் கீழைநாட்டு விவசாயிகளிடமும் கற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். 1939-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.என். ஆச்சார்யா நகரக் குப்பைக்கு ஏற்ற முறையை உருவாக்கினார். குழியில் குப்பையையும் மலக்கழிவையும் மாறிமாறிப் பரப்பி, மேலே மண் பூசி மூடிவிட வேண்டும். கிளறும் வேலை கிடையாது. உலகப்போர்க் கால உணவுப் பஞ்சத்தில், 1943-ல் தொடங்கிய 'அதிக உணவு உற்பத்தி' இயக்கம் இதை நகராட்சிகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் கொண்டுசென்றது. உள்ளாட்சியின் கம்போஸ்ட் உரத்தை விவசாயிகள் ஏலத்தில் எடுத்த காலம் அது. குப்பையை உரமாக்கி விற்பது இன்றைய திட்டங்களின் புதுமை என்று எண்ணுபவர்கள் இந்த முக்கால் நூற்றாண்டை மறந்துவிடுகிறார்கள்.

வீட்டு எருக்குழி ஒரே நாளில் மூடப்படவில்லை. 1960-களின் பிற்பகுதியில் பசுமைப் புரட்சியோடு யூரியா மூட்டை வந்தது. வண்டி வண்டியாகக் குப்பை அடிக்கும் வேலை குறைந்தது. டிராக்டர் உழவுக்கு வர, ஏர்மாடுகள் விற்கப்பட்டன. மாடு போனதும் சாணம் போயிற்று, கழுநீருக்கும் வாய் இல்லாமல் போயிற்று. ஓட்டு வீடும் காரை வீடும் கூரைப்புல்லை ஒழித்தன. 2007-ல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபின் சாம்பலும் அருகியது. 2006-ல் இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என வந்தவை வீட்டு வேலையைக் குறைத்தன. பத்தாண்டில் பழுதாகி, எந்தக் குழியிலும் போட முடியாத பொருள்களாகப் பரணில் ஏறின. அம்மி உடைந்தால் வாசற்படியாகும். மிக்ஸி உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊர் வழக்கில் விடை இல்லை.

எல்லாவற்றையும்விடக் குழியைக் கெடுத்தது சிறு பாலித்தீன் உறை. ஷாம்புவையும் பொடிகளையும் சிறு உறையில் அடைத்துச் சில்லறைக் காசுக்கு விற்கும் வித்தை தமிழகத்தில், கடலூரில் பிறந்தது. அங்கே சின்னிகிருஷ்ணன் தொடங்கிவைத்ததை, அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய நிறுவனம் 'சிக்' ஷாம்புவாகக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றது. புட்டி வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு அது பெரிய வசதி. ஆனால் காலியான உறை எடைக்கும் போகாது, மண்ணிலும் மட்காது. பால் கவர் தடிமனானது, அதைக் கழுவிச் சேர்த்தால் காசு உண்டு. ஷாம்பு உறைக்கு எந்த வியாபாரியும் தராசு தூக்கவில்லை. எருக்குழியில் இவை கலந்தபின் அந்தக் குப்பையைக் காட்டில் இறைக்க விவசாயி தயங்கினார். குப்பைக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போனது இப்படித்தான். வீட்டை விட்டு வெளியேறியது தெருமுனையில் பஞ்சாயத்து வைத்த சிமென்ட் தொட்டிக்கும், தொட்டி நிரம்பிச் சாக்கடைக்கும், டிராக்டர் பெட்டியில் ஏறி ஊருக்கு வெளியே உள்ள புறம்போக்குக்கும் போயிற்று.

தமிழகப் பேரூராட்சிகளுக்கென 1981-ல் தனி இயக்குநரகம் ஏற்பட்டது. ஆனால் குப்பையைப் பற்றிய விதிகள் வெகுநாள் 'அகற்று' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றன. மாற்றம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1996-ல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கைத் தொடர்ந்து, அசிம் பர்மன் தலைமையிலான குழு 1999-ல் அறிக்கை தந்தது. 2000-ல் நகர்ப்புறத் திடக்கழிவு விதிகள் வந்தன. வீடு வீடாகச் சேகரிப்பு, தரம் பிரிப்பு, உரமாக்குதல் ஆகியவை அப்போதுதான் உள்ளாட்சியின் சட்டக் கடமைகள் ஆயின. தமிழகத்தில் இதற்கு முன்மாதிரி இருந்தது. 1989-ல் எம்.பி. நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா, மூன்று சக்கர வண்டியோடு ஆள் அமர்த்தி வாசலில் குப்பை வாங்கும் முறையைத் தெருவாசிகளின் சந்தாவில் நடத்திக் காட்டியது.

1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகரான நாமக்கல்லின் அன்றைய நகராட்சி, குடிநீர், திடக்கழிவு போன்ற பணிகளுக்காக ஐ.எஸ்.ஓ. 14001 சுற்றுச்சூழல் மேலாண்மைச் சான்றிதழ் பெற்றுப் பெயரெடுத்தது.

2014-ல் தூய்மை இந்தியா இயக்கமும் 2016-ல் புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வந்தன. மக்கும் குப்பைக்குப் பச்சைக் கூடை, மக்காத குப்பைக்கு நீலக் கூடை என்ற பாடம் வீட்டு வாசலுக்கு வந்தது இவற்றோடுதான். தமிழகப் பேரூராட்சிகளில் குப்பை போய்ச் சேரும் இடத்துக்கு 'வளம் மீட்புப் பூங்கா' என்று பெயரிட்டார்கள். பெயர் சற்று அலங்காரமானது. உள்ளே நடப்பது பழைய வேலைதான். காய்கறிக் கழிவையும் இலைகளையும் நீளக் குவியலாகப் போட்டு, சாணக் கரைசல் தெளித்து, சில நாட்களுக்கு ஒருமுறை புரட்டுகிறார்கள். நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது குவியலின் உள்ளே வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும். நோய்க்கிருமியும் களைவிதையும் அதில் மடியும். ஏறத்தாழ 45 நாளில் சல்லடையில் சலிக்கும் பதத்துக்கு வரும். மண்புழுத் தொட்டி தனி. மறுபுறம் அட்டை, பால் கவர், புட்டி, தகரம் எனப் பிரித்து எடைக்குப் போடுகிறார்கள். யாரும் வாங்காத பாலித்தீனை உலைக்கு எரிபொருளாகச் சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்புவது தமிழகத்தில் நடைமுறை. தார்ச்சாலையில் கலப்பது இன்னொரு வழி. அந்த முறையைக் கண்ட மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவனுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. ஒரு காலத்தில் பட்டிக்காட்டான் என்று கேலி செய்ய உதவிய பைக்கு அரசு விழா எடுத்தது. அடிவார ஊர்களில் இந்தத் தடை மற்ற இடங்களைவிடக் கூடுதலாகச் சோதிக்கப்படுகிறது. ஆடிப்பெருக்கை ஒட்டிய வல்வில் ஓரி விழாவுக்கும், அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும், ஆகாய கங்கை அருவிக்கும் போகிறவர்கள் இந்தச் சாலையில்தான் தண்ணீர்ப் புட்டியும் தின்பண்டமும் வாங்கி மலையேறுகிறார்கள். முன்பு மலைப்பயணத்தின் கட்டுச்சோறு தையல் இலையில் போனது. எறிந்த இலையை ஆடு தின்றது.

2020-ல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் அரசு ஏட்டில் 'தூய்மைப் பணியாளர்' என்று மாறியது. பெயர் மாறியபோதும், வீட்டில் பிரிக்காமல் கொடுத்த குப்பையை மேசையில் கொட்டிக் கையால் பிரிப்பது அவர்கள் வேலையாகவே தொடர்கிறது. உரத்தின் தரமும் அந்தக் கையைப் பொறுத்ததுதான். கண்ணாடிச் சில்லும் உறைத் துண்டும் ஒரு பிடி கண்ணில் பட்டால் விவசாயி அந்த மூட்டையைத் தொடுவதில்லை.

அந்த மூட்டைக்குப் போட்டியும் வலுவானது. நாமக்கல் மாவட்டம் முட்டைக் கோழிப் பண்ணைகளின் ஊர். தொழுவுரத்தில் தழைச்சத்து அரை விழுக்காடு அளவில் இருக்க, கோழி எருவில் 2 முதல் 3 விழுக்காடு வரை இருக்கிறது. பண்ணைக்காரர் அதை லோடு கணக்கில் விலைக்கு விற்கிறார். வெங்காயக் காட்டுக்கும் மரவள்ளிக்கும் அது முன்கூட்டியே பேசி வைக்கப்படுகிறது. டிராக்டர் வந்து காட்டோரம் கொட்டும்போது, அதற்கு இவ்வட்டாரத்தார் சொல்லும் பெயர் கோழிக்குப்பை.