மண்ணுக்குள் ஒரு கணக்கு

திருக்கழுக்குன்றம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவை இரண்டு. உச்சிப் பொழுதில் வேதகிரி மலைக்கு வந்து அமுதுண்டு போன இரு கழுகுகள் ஒன்று; பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சங்கு பிறக்கும் சங்கு தீர்த்தம் மற்றொன்று. கழுகுகளின் வருகை சென்ற நூற்றாண்டு முடிவதற்குள் நின்றுவிட்டது. வழக்கமாக வரும் பறவை வராமற்போனால் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. ஆனால் அதே ஊரின் மண்ணுக்குக் கீழே தண்ணீரின் குணம் மாறினால் யாருக்குத் தெரியும்?

நம் வீடுகளில் தண்ணீருக்கு வைக்கும் பரீட்சை எளியது. பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா, நாக்கில் கரிக்கிறதா, அவ்வளவுதான். இந்தப் பரீட்சைக்கு அகப்படாத கேடும் உண்டு என்பதைப் பழைய சென்னை மாகாணமே கண்டறிந்தது. நெல்லூர் ஜில்லாவின் சில கிராமங்களில் பிள்ளைகளின் பற்களில் கறை படிந்தது. பெரியவர்களுக்கு முதுகெலும்பு கழியைப் போல விறைத்துப் போயிற்று. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் டைரக்டராக இருந்த ஷார்ட் என்பவரும் அவருடன் மூவரும் 1937-இல் இதன் காரணத்தை எழுதி வெளியிட்டார்கள். குடிநீரில் கரைந்திருந்த புளோரைடுதான் அது. பாறையிலிருந்து நீரில் இறங்குவது. நிறமில்லை, மணமில்லை. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இன்றைய இந்திய அளவு. அதை எந்த நாக்கு அளக்கும்?

ஆகவேதான் கண்காணிப்புக் கிணறுகள் ஏற்பட்டன. 1970-இல் பெயர் பெற்ற மத்திய நிலத்தடி நீர் வாரியம் தேசமெங்கும் இத்தகைய கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு தடவை நீர்மட்டம் அளக்கிறது. கோடையில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்புகிறது.

பிடிப்பதிலும் ஒரு நியமம் உண்டு. குழாய்க் கிணற்றில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் நெடுநேரம் தண்ணீரை இறைத்துக் கீழே விட்டுக்கொண்டிருந்தார். “ஏன் ஐயா, இவ்வளவு நல்ல தண்ணீரை வீணாக்குகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“இது குழாயிலே தங்கின தண்ணி சார். மண்ணிலே இருக்கிறது இதுக்குப் பின்னாலேதான் வரும்” என்றார் அவர்.

வெப்பமும், உப்பைக் காட்டும் மின்கடத்து அளவும் மாறாமல் நிலைத்த பிறகுதான் புட்டியை எடுப்பார்கள். அந்த நீராலேயே அதை அலசுவார்கள். உலோகம் பார்ப்பதற்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் சில சொட்டு விடுவார்கள். கிருமி பார்ப்பதற்கான புட்டியை மட்டும் அலசமாட்டார்கள். முன்பே சுத்திகரித்து மூடியதைத் திறந்து, நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து அனுப்புவார்கள். நாளும் இடமும் எழுதாத புட்டி வெறும் தண்ணீர்தான்.

இந்த வட்டாரத்துக்கு வேறொரு கவலையும் உண்டு. கிழக்கே சில மைல் போனால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் கோட்டை கட்டிய கடற்கரை. அந்த டச்சு நாட்டு ராணுவ இன்ஜினீயர் பாடன் கைபன் 1880-களின் இறுதியிலும், ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901-லும் தனித்தனியே ஒரு கணக்குச் சொன்னார்கள். கரையோர மண்ணில் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை அது உப்பு நீரைத் தள்ளி வைக்கும். மேலே ஓர் அடி குறைந்தால், கீழே உப்பு நாற்பது அடி ஏறிவரும். இறைப்பவன் கண்ணுக்கு ஓர் அடிதான் தெரியும்!

2004 டிசம்பர் 26-ஆம் தேதி உப்பு மேலிருந்தே வந்தது. சுனாமி அலை இந்தக் கரையோரத்துக் கிணறுகளிலும் புகுந்தது. பிறகு எழுந்த கேள்வி, கிணறு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதா என்பதுதான். பழைய நிலை எது? அலைக்கு முன் எவரோ ஒருவர் வெயிலில் நின்று புட்டி நிரப்பி, எண்ணைக் குறித்து வைத்திருந்தால்தான் அதற்குப் பதில் உண்டு.

மன்னர்களின் சரித்திரத்தைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். தண்ணீரின் சரித்திரத்தை அப்படி ஒரே தடவையில் எழுத முடியாது. ஆண்டுதோறும் எழுத வேண்டும். ஓராண்டு தவறினால், அந்த ஆண்டின் தண்ணீரை மறுபடி யாரும் மொண்டு கொண்டுவர முடியாது.