ஊர்பேர் தெரியாதவர்களின் மாதம்

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. ஊர்ல ஆடி அமாவாசை. பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கிற இடத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, ஈர வேட்டியோடு அப்பா வீடியோ காலில் வந்தார். வேலைக்காக மூவாருக்கு வந்தபிறகு நான் பக்கத்தில் இல்லாத முதல் ஆடி அமாவாசை அது.

அன்று சாயங்காலம் சாப்பிடக் கிளம்பினேன். தெருவோரம் வீட்டுக்கு வீடு மெழுகுவத்தி, ஊதுவத்தி, தட்டுகளில் சோறு, வேர்க்கடலை, ஆரஞ்சு. ஒரு தட்டை மிதிக்க இருந்தவனை வீட்டு ஓனர் சீன அங்கிள் தோளைப் பிடித்து நிறுத்தினார். "பார்த்து தம்பி, அவங்க சாப்பிடுறாங்க." தெருவைப் பார்த்தேன். யாருமே இல்லை.

சீன நாள்காட்டியின் ஏழாம் மாதம் அன்றுதான் பிறந்திருந்தது. அந்த மாதம் முழுக்கப் பாதாளக் கதவு திறந்திருக்கும், பசித்த ஆவிகள் ஊருக்குள் வரும் என்பது நம்பிக்கை. 15ஆம் நாள் பெரிய படையல். ஆவிகளுக்காகப் பாட்டுக் கச்சேரிகூட நடக்கும். முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள். அவர்கள் மாதமும் அமாவாசையை ஒட்டியே பிறப்பதால், சில வருஷம் நம் ஆடி அமாவாசையோடு சேர்ந்து வருகிறது. 2025இல் அவர்களுக்கு ஆறாம் மாதம் இரண்டு முறை வந்ததால் ஒரு மாதம் தள்ளிப்போனது.

இதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத சீன சமாச்சாரம் என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் கதையின் நாயகர் நம்மூர்ப் பக்கத்து ஆள். புத்தரின் தலைமைச் சீடர் இருவரில் ஒருவரான மொக்கல்லானர், சீனத்தில் முலியான். இறந்துபோன அம்மா பசிப்பேயாய் அலைவதைப் பார்த்துச் சோறு கொடுக்கிறார். வாய்க்குப் போவதற்குள் அது நெருப்புக் கங்காகிறது. மழைக்காலத் தவம் முடிகிற ஏழாம் மாதம் 15ஆம் நாளில் துறவிகளுக்கு உணவளித்தால் அவளுக்கு விடுதலை என்கிறார் புத்தர். இந்தச் சூத்திரம் சீனாவிலேயே எழுதப்பட்டது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. ஜப்பானின் ஓபோன் பண்டிகைக்கும் இதே கதைதான் வேர். எனக்கு உடனே ஞாபகம் வந்தவள் காயசண்டிகை. எங்கள் புகாரில் யானைத்தீ என்னும் தீராப் பசியோடு அலைந்தவள். மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட சோற்றில்தான் அவள் பசி அடங்கியது. பௌத்தம் போன இடமெல்லாம் பசியைப் பற்றிய கதையும் கூடவே போயிருக்கிறது.

"உங்க தாத்தாவுக்கா இந்தப் படையல்?" என்று அங்கிளிடம் கேட்டேன். "தாத்தாவுக்கு வீட்டுக்குள்ள. இது வெளியில இருக்கிறவங்களுக்கு." அவர்களைப் பேய் என்று சொல்வதில்லை, 'நல்ல சகோதரர்கள்' என்கிறார்கள்.

மூவாரில் அப்படிப்பட்ட சகோதரர்கள் நிறைய. 19ஆம் நூற்றாண்டில் ஜொகூர் ஆற்றங்கரைகளில் மிளகும் கேம்பியரும் பயிரிட வந்த சீனக் கூலிகளில் பெரும்பாலோர் ஒண்டிக்கட்டைகள். வாரிசில்லாமல் செத்தவர்கள் பலர். 1942 ஜனவரியில் ஜப்பானியப் படையை மூவாரில் எதிர்கொண்ட 45ஆம் இந்தியப் படைப்பிரிவு சின்னாபின்னமானது. பாரிட் சூலோங்கில் காயம்பட்டுப் பிடிபட்ட ஆஸ்திரேலிய, இந்திய வீரர்கள் நூற்றுக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். அதே வருஷம் தொடங்கிய சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். அங்கே இறந்த நேச நாட்டுச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, திதியும் இல்லை.

அப்பாவிடம் கேட்டேன்: "நாம நம்ம மூணு தலைமுறைக்கு மட்டும்தானேப்பா கொடுக்கிறோம்?"

"இல்லடா. கடைசியா ஒரு கை எள்ளுந்தண்ணி இறைக்கச் சொல்வார் அய்யர். அப்பா அம்மா, சொந்தபந்தம்னு யாருமே இல்லாதவங்களுக்கு. நீதான் போனை நோண்டிக்கிட்டு நிப்பியே."

எங்கள் பாட்டியின் சித்தப்பா ஒருவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனவர். ஒரு கடுதாசிகூட வரவில்லை. அவர் பேரைச் சொல்ல வீட்டில் இப்போது யாருமில்லை. அப்பாவின் அந்தக் கடைசிக் கைத் தண்ணீர் இத்தனை வருஷமாக அவருக்கும் சேர்த்துத்தான் விழுந்திருக்கிறது.

ஆகஸ்ட் 18, பதினைந்தாம் நாள். அங்கிளின் தட்டுக்குப் பக்கத்தில் நானும் ஒரு தட்டுச் சோறு வைத்தேன்.

"யாருக்கு?"

"பேர் தெரியாது அங்கிள்."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று ஊதுவத்தியைப் பற்றவைத்து என்னிடம் நீட்டினார்.